ஆறு இலைகளும் ஒரு பந்தியும்

(ஒரு கிளை நூலகத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் நூலகர் ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார். போன மாதம் இதே மேடையில் நெய்தல் திணையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இந்த மாதம் சூப்பர் ஹீரோக் குழுப் படங்கள், பச்சை ராட்சதனும் இரும்புச் சட்டைக்காரனும். "பரவாயில்லை, பிள்ளைகள் வருவார்கள், பேசுங்கள்" என்றார். பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்கு எல்லாமே தெரியும். பிள்ளைகளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய், பாப்கார்னுக்கும் பணம் கொடுத்து, ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வரும் பெரியவர்களிடம்தான் இன்றைக்குப் பேச்சு.

2019 ஏப்ரல் கடைசியில் என் அக்கா மகனோடு 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' பார்க்கப் போனேன். மூன்று மணி நேரம் ஒரு நிமிடம் ஓடுகிற படம். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், பேத்தியோடு வந்தவர். முதல் இரண்டு மணி நேரத்தில் பாதியைத் தூங்கிக் கழித்தார். கடைசிச் சண்டையில் தானோஸ் என்கிற வில்லன் தோர் என்கிற கடவுளைக் கீழே தள்ளி, கோடரியை நெஞ்சில் வைத்து அழுத்துகிறான். தரையில் கிடந்த தோரின் சுத்தியல் தானாக எழும்புகிறது. பறந்து வந்து தானோஸை அடித்துவிட்டுத் திரும்பிப் போய் ஒரு கையில் சேர்கிறது. பார்த்தால், அது கேப்டன் அமெரிக்காவின் கை. தியேட்டர் இரண்டுபட்டது. விசில், கத்தல், காகிதம். பெரியவர் விழித்துக்கொண்டார்.

"தம்பி, எதுக்கு இப்படிக் கத்துறாங்க?"

என் அக்கா மகன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான்: "தாத்தா, அந்தச் சுத்தியலைத் தகுதி இருக்கிறவங்க மட்டும்தான் தூக்க முடியும். நாலு வருஷத்துக்கு முன்னாடி வந்த படத்துல ஒரு பார்ட்டி. எல்லாரும் தூக்கிப் பார்ப்பாங்க. இவர் தூக்குறப்ப மட்டும் லேசா அசையும். தோர் முகம் அப்படியே மாறிடும்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இது பழைய பாக்கி" என்றார்.

இந்த வகைப் படங்களைப் பற்றி நான் வாசித்த கட்டுரை எதிலும் இவ்வளவு துல்லியமான ஒரு வாக்கியம் இல்லை. அந்தப் படத்தின் செலவு 35 கோடி டாலருக்கு மேல். அந்தச் சண்டைக் காட்சியில் விண்கலம், படை, பூதம் என்று என்னென்னவோ வந்தன. அன்று கூட்டம் அதிகமாகக் கத்தியது எதற்கு? ஒரு சுத்தியல் ஒரு கைக்குப் போனதற்கு. நம் ஊர்க் கூத்துக்காரர்கள் கயிறு கட்டி இழுத்தே அதைச் செய்துவிடுவார்கள். 2011இல் வந்த 'தோர்' படத்தில் அந்த விதி சொல்லப்பட்டது. 2015இல் 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தின் விருந்தில் சுத்தியல் ஒரு நூல் அசைந்தது. 2019இல் பாக்கி தீர்ந்தது. கூட்டம் எட்டு வருடக் கணக்கை மனதில் வைத்திருந்தது. வட்டியோடு கைக்கு வந்ததும் கத்தியது.

இந்தக் கணக்கு எங்கே தொடங்கியது என்று கேட்டால், கடனில். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்த நாயகர்களின் படக்கதைகளை வெளியிட்ட மார்வெல் 1996 கடைசியில் திவால் மனு கொடுத்த நிறுவனம். அந்தக் காலத்தில் தன் பெரிய பெயர்களின் பட உரிமைகளை வெளியே கொடுத்தது. ஸ்பைடர் மேன் ஓரிடம், எக்ஸ்-மென் ஓரிடம் என்று போய்விட்டன. மிஞ்சியவை இரண்டாம் வரிசைப் பெயர்கள். அவற்றிலும் சிலவற்றை வாங்கியவர்கள் படமெடுக்காமலே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அயர்ன் மேன் அப்படித் திரும்பி வந்தவர்தான். 2005இல் மெரில் லிஞ்ச் என்ற நிதி நிறுவனத்திடம் 52.5 கோடி டாலர் கடனுக்கு ஏற்பாடு செய்தபோது, பத்து கதாபாத்திரங்களின் பட உரிமையை ஈடாக வைத்தார்கள். பீரோவிலிருந்து வளையலை எடுத்துப்போய் அடகு வைப்போமே, அந்த மாதிரி. படம் ஓடாவிட்டால் கேப்டன் அமெரிக்கா ஏலத்துக்குப் போயிருப்பார். 2008இல் 'அயர்ன் மேன்' ஓடியது. 2009இல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலையே வாங்குவதாக அறிவித்தது.

படக்கதைப் புத்தகத்திலும் இந்த அவெஞ்சர்ஸ் ஒன்றும் ஒற்றுமையான குடும்பம் கிடையாது. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963இல் முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். போட்டி நிறுவனத்தின் 'ஜஸ்டிஸ் லீக்' நன்றாக விற்றுக்கொண்டிருந்த நேரம். இரண்டாவது இதழிலேயே ஹல்க் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டார். கேப்டன் அமெரிக்கா வந்து சேர்ந்ததே நான்காவது இதழில்தான். கூடிய மறுநாளே கலைகிற கூட்டம். இதில்தான் சுவாரசியம் இருக்கிறது என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

இப்போது 2012ஆம் ஆண்டின் முதல் 'அவெஞ்சர்ஸ்' படத்துக்கு வருகிறேன். இயக்கியவர் ஜாஸ் வீடன். 22 கோடி டாலர் செலவு, உலகமெங்கும் 150 கோடி டாலருக்கு மேல் வசூல். கணக்கை இதோடு விட்டுவிடலாம். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் ஒருவர் இருப்பாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் அவருடையதல்ல. கையில் கரண்டிகூட இருக்காது. ஆனால் எந்த இலையில் எது தீர்ந்தது, யாருக்கு ரசம் வரவில்லை, கோடியில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா முகம் ஏன் சுருங்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். குழுப் படத்தின் இயக்குநர் அந்த ஆள். ஆறு இலை போட்டிருக்கிறது. ஒரு கடவுள், ஒரு ராட்சதன், ஒரு கோடீஸ்வரன், எழுபது வருடம் பனியில் உறைந்திருந்த ஒரு சிப்பாய், ஓர் ஒற்றுக்காரி, வில்லோடு ஓர் ஆள். ஒவ்வொருவருக்கும் வயிறு வேறு.

கஷ்டம் எங்கே என்று பாருங்கள். தோர் மின்னலை வரவழைப்பார். ஒற்றுக்காரி பிளாக் விடோவிடம் இருப்பது இரண்டு துப்பாக்கி. இருவரும் ஒரே சண்டையில் தேவைப்பட வேண்டும். வீடன் என்ன செய்தார்? கடவுளரையே ஏமாற்றும் வில்லன் லோகியிடம் பேச்சுக் கொடுத்து, அவன் திட்டத்தைக் கறந்து வருகிற வேலையை அவளுக்குக் கொடுத்தார். லோகி தான் அவளை அழவைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் கண்ணைத் துடைக்காமலே நன்றி சொல்லிவிட்டுத் திரும்புவாள். கடைசியில் எதிரிப் படை வரும் வானத்து வாசலை மூடுவதும் அவள்தான். வில்லாளியின் இலையில் மட்டும் குறை இருக்கிறது என்பேன். பாதிப் படம் அவர் லோகியின் மயக்கத்தில் இருந்துவிடுகிறார்.

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியில் அடிதடியே கிடையாது. பறக்கும் கப்பலின் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் நின்றுகொண்டு சண்டை போடுகிறார்கள். சொத்துப் பிரிக்கிற வீட்டில் கேட்குமே, அந்தச் சண்டை. ஒருவர் சொல்லி முடிக்கும் முன்பே இன்னொருவர். கேமரா மெல்லத் தலைகீழாகி, மேசையிலிருக்கும் லோகியின் செங்கோலைக் காட்டுகிறது. நாம் வாக்குவாதத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். சட்டென்று எல்லோரும் அடங்குகிறார்கள். மார்க் ரஃபலோ நடிக்கும் பேனர், கோபம் வந்தால் ஹல்க் ஆகிவிடும் அந்த அமைதியான விஞ்ஞானி, தன்னையறியாமல் செங்கோலைக் கையில் எடுத்து வைத்திருக்கிறார். இதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஓர் அறை, ஒரு குச்சி.

நியூயார்க் தெருவில் அந்தச் சிப்பாய், கேப்டன் அமெரிக்கா, ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுக்கும் இடமும் அப்படித்தான். வில்லாளிக்குக் கூரை, இரும்புச் சட்டைக்கு எல்லை, தோருக்கு அந்த வாசல், விடோவும் தானும் தரையில். ஒவ்வொருவருக்கும் விளக்கமான கட்டளை. கடைசியில் ஹல்க் பக்கம் திரும்புகிறார். ஹல்க்குக்கு விளக்கம் எதற்கு? நொறுக்கு, அவ்வளவுதான். ஹல்க் சிரிப்பார். சண்டையில் ஹல்க்கும் தோரும் சேர்ந்து ஒரு பிரம்மாண்ட மிருகத்தைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, ஹல்க் காரணமே இல்லாமல் தோரை ஒரு குத்து விடுவார். முன்னால் கப்பலில் இருவரும் போட்ட சண்டைக்கு அது பாக்கி. பெரியவர் சொன்ன வார்த்தைதான்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் படங்களின் கடைசி அரை மணி நேரம் பெரும்பாலும் அலுப்பு. முகமில்லாத சாம்பல் நிறப் படை ஒன்று ஆகாயத்திலிருந்து கொட்டும். எத்தனை பேரை வெட்டினாலும் நமக்கு ஒன்றும் ஆகாது. 2012இல் தலைமைக் கப்பல் வெடித்ததும் மொத்தப் படையும் பொத்தென்று விழுந்தது, மெயின் சுவிட்சை அணைத்தது மாதிரி. எழுதுகிறவருக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று அர்த்தம். 2019இல் மார்ட்டின் ஸ்கார்செஸி இவற்றைக் கேளிக்கைப் பூங்காவோடு ஒப்பிட்டு, இவை சினிமா இல்லை என்றபோது ரசிகர்கள் கொதித்தார்கள். இந்தக் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் அவர் பக்கம். ஆனால் ராட்டினம் எட்டு வருடத்துக்கு முந்தைய சுத்தியலை ஞாபகம் வைத்திருப்பதில்லை.

சண்டையே நன்றாக அமைந்த இடமும் உண்டு. 2016இல் ரூசோ சகோதரர்கள் எடுத்த 'சிவில் வார்'. ஜெர்மனியின் லைப்சிக் விமான நிலையத்தில் ஆறு பேருக்கு எதிராக ஆறு பேர். பெரும்பாலும் வேண்டியவர்கள். அதனால் பலர் முழுக் கையால் அடிப்பதில்லை. வில்லாளியும் விடோவும் கட்டிப் புரளும்போது, நாம் இன்னும் நண்பர்கள்தானே என்று அவள் கேட்கிறாள். நீ எவ்வளவு பலமாக அடிக்கிறாய் என்பதைப் பொறுத்தது என்கிறார் இவர். சின்னப் பையன் ஸ்பைடர் மேன், அடிக்கிற ஒவ்வொருவரையும் வியந்து பாராட்டிக்கொண்டே அடி வாங்குகிறான். எறும்பு அளவு சுருங்குகிற ஆள் திடீரென்று விமான உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறார். திருவிழா.

ஆனால் அந்தப் படம் முடிவது அங்கே இல்லை. சைபீரியாவில் ஒரு பாழடைந்த நிலவறை. மூன்றே பேர். ஒரு சிறிய திரையில் 1991 டிசம்பரில் ஒரு சாலையில் பதிவான காட்சி ஓடுகிறது. இரும்புச் சட்டைக்காரர் டோனி ஸ்டார்க்கின் தாயையும் தந்தையையும் கொன்றது யார் என்று அதில் தெரிகிறது. கொன்றவன் பக்கத்தில் நிற்கிறான். கேப்டனுக்கு இது முன்பே தெரியும், சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடக்கும் அடியில் ஒரு நகைச்சுவையும் கிடையாது. உலகத்தைக் காப்பாற்றும் வேலையும் கிடையாது. பன்னிரண்டு பேரை ஓடவிட்டுச் சிரிக்கவைத்துவிட்டு மூன்று பேரை அறைக்குள் பூட்டிய அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு ரூசோ சகோதரர்கள் மேல் மரியாதை.

முன்கதை தெரியாமல் ரசிக்கவே முடியாதா என்று கேட்பீர்கள். 2014இல் ஜேம்ஸ் கன் எடுத்த 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' இருக்கிறது. அதிலுள்ள ஒருவரையும் சாதாரண ரசிகன் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. பேசுகிற ரக்கூன் ஒன்று, நடக்கிற மரம் ஒன்று. மற்றவர்களும் சிறைக்குத் தக்கவர்கள்தான். போலீஸ் ஒவ்வொருவராக நிறுத்திக் குற்றப் பட்டியல் வாசிக்கும்போதே நமக்கு அறிமுகம் முடிந்துவிடுகிறது. நம் கூத்தில் கட்டியங்காரன் வேஷக்காரரை வாயைக் கிளறி ஊர் பேர் சொல்லவைப்பது போல.

அந்த மரத்தின் பெயர் குரூட். குரல் கொடுத்தவர் வின் டீசல். படம் முழுக்க அது சொல்வது ஒரே வாக்கியம்: நான் குரூட். கோபம், சந்தேகம், அன்பு எல்லாவற்றுக்கும் அதே வாக்கியம். கடைசியில் கப்பல் விழுகிறது. மரம் கிளைவிட்டுக் கிளைவிட்டு நண்பர்களைச் சுற்றிக் கூடு பின்னுகிறது. செய்யாதே, செத்துப்போவாய் என்று ரக்கூன் அழுகிறது. அப்போது மரம் முதன்முறையாக வாக்கியத்தை மாற்றுகிறது. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். நான் குரூட், நாம் குரூட். ஓர் எழுத்துதான் மாறுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் கேட்பவரைச் சேர்த்துச் சொன்னதா, விட்டுச் சொன்னதா என்று தெரியாது. தமிழில் 'நாங்கள்' என்றால் ரக்கூன் வெளியே, 'நாம்' என்றால் உள்ளே. எனக்கு அந்தக் காட்சி தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது, நான் பார்த்தது ஆங்கிலப் பிரதி என்றாலும்.

ஒருவருக்கு அளவுக்கு மீறிப் பரிமாறிவிட்டால் என்ன ஆகும்? அதே 2014இல் வந்த எக்ஸ்-மென் படம், 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்'. குவிக்சில்வர் என்று ஒரு பையன். அவன் ஓடும் வேகத்தில் உலகமே நின்றுவிடும். பென்டகன் சமையலறையில் காவலர்கள் சுடுகிறார்கள். இவன் பின்னணியில் ஒரு பழைய மெல்லிய பாட்டு ஓட, குண்டுகளை விரலால் தள்ளிவிடுகிறான். காற்றில் மிதக்கும் சூப்பை நக்கிப் பார்க்கிறான். ஒரு காவலரின் கையை எடுத்து அவர் கன்னத்திலேயே வைத்துவிட்டுப் போகிறான். விநாடிக்கு 3,000க்கும் மேற்பட்ட பிரேம் எடுக்கும் கேமரா அதற்குத் தேவைப்பட்டது. படத்திலேயே சிறந்த காட்சி. அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? நன்றி தம்பி, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். இவனைக் கூட வைத்துக்கொண்டால் எந்தப் பிரச்சினையும் அரை நிமிடத்தில் தீர்ந்து, படம் இடைவேளையிலேயே முடிந்துவிடும்!

பந்தி கெட்டுப்போன கதைகளும் உண்டு. போட்டி நிறுவனத்தின் குழுவை வைத்து 2017இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்'. மார்வெல் முதல் பந்திக்கு முன்பு நான்கு வருடத்தில் ஐந்து படம் எடுத்து ஆட்களை அறிமுகம் செய்துவைத்தது. இவர்கள் ஆறில் மூன்று பேரை அப்போதுதான் தெருவிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நடுவில் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் மகளை இழந்து விலகினார். வீடன் வந்து பல காட்சிகளைத் திரும்ப எடுத்தார். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அப்போது வேறொரு படத்துக்காக மீசை வைத்திருந்தார், எடுக்க அனுமதியில்லை. மீசையோடு நடிக்கவைத்துக் கணினியில் அழித்தார்கள். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பதை ஹாலிவுட் இவ்வளவு செலவு செய்து நிரூபித்திருக்க வேண்டாம். மேலுதடு கடைசிவரை ஒட்டவேயில்லை. படமும் இரண்டு மணி நேரத்துக்குள் வெட்டப்பட்டது. அந்த வெட்டில் அதிகம் இழந்தது சைபோர்க் என்ற இளைஞனின் கதை. 2021இல் ஸ்னைடரின் 242 நிமிடப் பதிப்பு வந்தபோதுதான் அவன் இலையில் சோறு விழுந்தது. நான்கு மணி நேரம் நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த முறை அந்தப் பையன் யார் என்று எனக்குத் தெரிந்தது.

மார்வெலும் தப்பவில்லை. 2021இன் 'எட்டர்னல்ஸ்' ஒரே படத்தில் பத்து புது ஆட்களைக் கொண்டுவந்தது. பெயர்களை ஞாபகம் வைப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. 2023இன் 'தி மார்வெல்ஸ்' எனக்கு இரக்கம் வரவழைக்கும் படம். மூன்று பெண்கள், சக்தியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒருவர் இருந்த இடத்துக்கு இன்னொருவர் மாறிவிடுவார்கள். குழுச் சண்டைக்கு இதைவிட நல்ல யோசனை வராது. ஆனால் மூவரில் இருவரை அறிய வேண்டுமானால் இரண்டு இணையத் தொடர்களை முன்பே பார்த்திருக்க வேண்டும். பழைய பாக்கி என்பது நாம் விரும்பிக் கொடுத்த கடன். தொடர் பார்த்துவிட்டு வா என்பது வீட்டுப்பாடம். மார்வெல் வரிசையிலேயே குறைந்த வசூல் அந்தப் படத்துக்குத்தான்.

'எண்ட்கேம்' தமிழில் வந்தபோது நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏ.ஆர்.முருகதாஸ் வசனம் எழுதினார், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் தமிழ், இந்தி, தெலுங்கில் ஒரு பாட்டே போட்டுக் கொடுத்தார். இந்தியாவில் முதல் நாள் வசூல் 50 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆனால் தமிழ் ரசிகர்களில் பலர் சேதுபதி குரலுக்கு முகம் சுளித்தார்கள். அவர் மேல் கோபமில்லை, அவர் எவ்வளவு பெரிய நட்சத்திரம்! வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய குரல் எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி. பழகிய மனிதர் சாகப்போகும் படத்தில் அவருக்கு வேறு குரல். எழவு வீட்டில் முகம் தெரியாத ஒருவர் வந்து ஒப்பாரியை நடத்தினால் எப்படி இருக்கும்?

நேரமாகிவிட்டது என்று நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

2012இன் அந்தப் படத்தில், ஆகாயத்திலிருந்து விழுந்து பிழைத்த டோனி ஸ்டார்க் கண் திறந்ததும், பக்கத்தில் ஷவர்மா கடை ஒன்று இருக்கிறது, அது என்னவென்று தெரியாது, சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஏதோ உளறுவார். படம் முடிந்து பெயர்கள் எல்லாம் ஓடிய பிறகு, இடிந்துபோன ஒரு கடையில் ஆறு பேரும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வசனமும் கிடையாது. பின்னால் கடைக்காரர் பெருக்கிக்கொண்டிருப்பார். அதை எடுத்தது படத்தின் முதல் சிறப்புக் காட்சிக்கு மறுநாள். அதனால் அமெரிக்காவுக்கு வெளியே முதலில் வந்த பிரதிகளில் அது இல்லை, தியேட்டரில் பார்த்த நமக்கும் கிடைக்கவில்லை. பிறகு குறுந்தகட்டில்தான் பார்த்தேன். பந்தியைக் கவனித்துப் பாருங்கள். ஐந்து பேர் மெல்லுகிறார்கள், களைத்துப்போய், ஒருவரை ஒருவர் பார்க்காமல். கேப்டன் மட்டும் சாப்பிடுவதில்லை, கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சோகம் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் என்னவென்றால், கிறிஸ் எவன்ஸ் அதற்குள் வேறொரு படத்துக்காகத் தாடி வளர்த்துவிட்டார். மழிக்க முடியாது. தாடிக்கு மேலே பொய்த் தாடை ஒட்டி, அது தெரியாமலிருக்கக் கையை வைத்து மறைத்திருக்கிறார்கள். மென்றால் கழன்றுவிடும்.